ஒட்டுக்குக் கீழே தழைத்தது

பழக்கடைக்கு என்னோடு வருவதற்கு வீட்டில் யாருக்கும் பிடிக்காது. சாத்துக்குடி வாங்கப் போனால் கூடையைக் கிளறிக்கொண்டு நின்றுவிடுவேன். பழத்தின் அடியில் காசை அழுத்தி எடுத்த மாதிரி ஒரு வட்டம் இருந்து, தோலில் மேலிருந்து கீழாக வரி ஓடினால் அது வடக்கேயிருந்து வருகிற மொசம்பி. வட்டமும் இல்லாமல், வரியும் இல்லாமல், தோல் வழவழவென்று நல்ல உருண்டையாக இருந்தால் அதுதான் எங்கள் பக்கத்துச் சாத்துக்குடி. “எல்லாம் ஒண்ணுதாம்மா, எடுங்க” என்பான் கடைக்காரன். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எல்லாம் ஒன்று கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள எங்கள் அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இந்த வித்தியாசத்தையெல்லாம் எனக்குச் சொன்னவர் அத்தான், அக்காவின் கணவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் திண்டுக்கல்லில் ஒரு பழ மண்டியில் வேலை பார்த்தார். சொந்த ஊர் எரியோட்டுக்குப் பக்கத்தில். நிச்சயம் முடிந்து முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளை என்றால் பூவும் அல்வாவும் வாங்கி வருவார் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் தோளில் ஒரு சாக்குப்பையோடு வந்தார். கூடத்தில் உட்கார்ந்ததும் பையைக் கவிழ்த்தார். தரையெல்லாம் பழம்.

ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். சிறுமலைக் கமலா, தோல் சுளையை விட்டு விலகித் தொளதொளவென்று இருந்தது. நாக்பூர் கமலாவுக்குக் காம்புப் பக்கம் கழுத்து நீண்டிருந்தது. குடகிலிருந்து வந்தது தட்டையாக, எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. அப்புறம் சாத்துக்குடி, மொசம்பி, பச்சை நாரத்தங்காய், தோலெல்லாம் முண்டும் முடிச்சுமாக ஒரு கடாரங்காய், கடைசியில் பிள்ளைத் தலை அளவுக்கு ஒரு பம்பளிமாஸ்.

“எல்லாம் ஒரே குடும்பம் மாமா” என்று அப்பாவிடம் சொன்னார். “ஒண்ணோட ஒண்ணு கலந்து கலந்து இப்படி ஆளுக்கொரு மொகமா நிக்குது.”

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பாடம் எடுத்துத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அம்மா அடுப்படியில் என் காதைக் கடித்தாள்: “ஏன்டி, மாப்பிள்ள ஒரு மாதிரியோ?” நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்து மாட்டிக்கொண்டேன். அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கொழுந்தியா கடாரங்கா ரகம். உப்புப் போட்டு ஊறவச்சாத்தான் வழிக்கு வரும்” என்றார். வீடே சிரித்தது. கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்தது எனக்குக் கேட்டது. அவளுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போய்விட்டது என்று நான் நினைக்கிறேன். அன்றைக்கு அவர் போன பிறகு அவ்வளவு பழத்தையும் அம்மா தெருவுக்குப் பங்கு வைத்தாள். சாத்துக்குடியை மட்டும் அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள்.

கல்யாணமான கொஞ்ச நாளில் அத்தான் மண்டி வேலையை விட்டுவிட்டார். அடுத்தவன் தோட்டத்துப் பழத்துக்குத் தொண்டை கிழியக் கத்தினது போதும் என்றார். ஊரில் அவர் பங்காக ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக நிலம் இருந்தது. பெரியகுளம் பக்கமிருந்து சாத்துக்குடி ஒட்டுக்கன்றுகளை வரவழைத்து, தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குழி வெட்டித் தன் கையாலேயே நட்டார். அக்கா குடம் தூக்கினாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கேட்கிறவர்களிடம் அத்தான் தோட்டத்தைக் காட்டி, “இதுக வளரட்டும், அப்புறம் அதப் பாப்போம்” என்பார். அக்கா வெட்கப்படாமல் தலையாட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அவருக்கு ஒரு வேலை உண்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார். ஒவ்வொரு கன்றின் அடித்தண்டையும் குனிந்து பார்ப்பார். அங்கே முளைத்திருக்கிற கொழுந்தைக் கிள்ளி எறிவார். அந்தக் கொழுந்துகளில் முள் நிறைய இருக்கும். விரலில் கீறலோடு திரும்பி வருவார். என்ன கிள்ளுகிறீர்கள் என்று அக்கா கேட்டதற்கு “முள்ளு” என்றாராம். முள்ளைத்தான் கிள்ளுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் உட்காரவைத்து விளக்கம் சொல்லுகிற மனிதர், கட்டின பெண்டாட்டிக்கு அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு நாள் கிடக்கிறது என்று இருந்திருப்பார்.

மரங்கள் இடுப்பளவு வந்திருந்தபோது அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது கண்ணும் நகமும் மஞ்சளாகி, வயிறு வீங்கியிருந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். அப்பா முதல் கைப்பிடி மண்ணைப் போட்டுவிட்டு, இரண்டாவது பிடி அள்ள முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அப்பா அக்காவைக் கூப்பிட்டார். அவள் மாமியாரையும் கொழுந்தனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

“பிள்ள இல்ல, குட்டி இல்ல. சின்ன வயசு. எங்கூட வந்துரும்மா. எப்ப வேணும்னாலும் இங்க வந்து பாத்துட்டுப் போலாம்.”

“தோட்டத்த யாருப்பா பாக்குறது?” என்றாள் அக்கா.

“தம்பி பாத்துக்குவாரு.”

“தம்பிக்கு மானாவாரி நெலம் கெடக்கு. இது அவரு வச்ச மரம்பா. அது இருக்கந்தொட்டு நான் இருக்கேன். பட்டுப்போச்சுன்னா நானே வந்துர்றேன். நீங்க கூப்புடவே வேணாம்.”

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “அவ எங்க வேணும்னாலும் இருக்கட்டும்ணே. எம் மகன் பொண்டாட்டி” என்றார். அதற்கு மேல் அப்பாவால் என்ன சொல்ல முடியும்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மழை பொய்த்துப்போனது. வேடசந்தூர்ப் பக்கமெல்லாம் கிணறுகளில் பாறை தெரிந்தது. அக்காவின் தோட்டத்தில் இலை முதலில் சுருண்டது, அப்புறம் கொட்டியது, அப்புறம் வெறும் குச்சிகள் நின்றன. நான் அப்போது திண்டுக்கல்லில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறானால் அக்காவைப் பார்க்கப் போவேன். திரும்பி வந்ததும் அப்பா முதலில் கேட்பது, “மரம் எப்படி இருக்கு?” என்றுதான். மோசமாக இருக்கிறது என்று நான் சொன்னால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்த்திருக்கிறேன். மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்ற நிம்மதி. அதற்காக அவரைத் திட்டவும் முடியாது. பெற்றவர்.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு மழை பெய்தது. பெரிய மழையெல்லாம் இல்லை, தூசி அடங்குகிற மழை. அதற்கு அடுத்த வாரம் நான் போனபோது அக்கா ஊர் எல்லையிலேயே எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்துத் தரதரவென்று தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடித்தண்டிலிருந்து கொழுந்து வெடித்திருந்தது. ஒரு மரத்தில் மட்டுமா, வரிசை வரிசையாக. நுனியெல்லாம் செக்கச்செவேலென்று, தொட்டால் ஈரமாக.

“பாத்தியாடி, எப்படிச் செவந்து வந்திருக்குன்னு. முன்ன வெறும் பச்சையாத்தான் வரும். இப்ப ரத்தம் ஏறுன மாதிரி வருது” என்றாள்.

“முள்ளு இருக்கே” என்றேன்.

“இருக்கட்டும். அவரா இருந்தா கிள்ளிப் போட்டிருப்பாரு. எனக்கு மனசு வரல. இம்புட்டு நாளைக்கு அப்புறம் வந்த பச்சைய எப்படிடி கிள்றது?”

அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அத்தான் போனதிலிருந்து அவள் சாப்பாடு என்பது இரண்டு வாய்க் கஞ்சிதான். கொழுந்தைப் பார்த்த அன்றே, “தளுத்திருச்சு அத்த, தளுத்திருச்சு” என்று வீட்டுக்குள் ஓடி வந்து, பானையிலிருந்த சோற்றைப் போட்டுத் தின்றாளாம். அத்தானின் தம்பி தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் நின்றாராம். “சந்தோசத்துல அவருக்கு வாயே வரல” என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

மேலே காய்ந்து நின்ற குச்சிகளை வெட்டிவிட்டால் கொழுந்துக்குத் தெம்பு கிடைக்கும் என்று அக்காதான் சொன்னாள். கொழுந்தன் அரிவாளோடு போய் வெட்டினார். நல்ல காய்ந்த விறகு, எண்ணெய் உள்ள விறகு, சடசடவென்று எரிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அக்காவின் அடுப்புக்கு அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் தண்ணீர் சுமக்கிற கதை. தோட்டத்துக் கிணற்றில் விடிகாலையில் ஊறியிருப்பதை அக்கா இறைத்து ஊற்றுவாள். அது போதாதபோது கொழுந்தன் மாட்டுவண்டியில் பீப்பாயைக் கட்டிக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கமிருந்த கிணற்றிலிருந்து கொண்டுவருவார். மாமியார் குளித்த தண்ணீரைக்கூட ஒரு தொட்டியில் பிடித்து வைப்பார். இப்படி ஒரு மாமியார், கொழுந்தன் யாருக்கு வாய்க்கும் என்று எங்கள் வீட்டில் அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். கொழுந்தனுக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போனது. மதினி இங்கேயே இருப்பார்களா, நிலம் யாருக்கு என்று பெண் வீட்டார் கேட்டார்களாம். கேட்கிறவர்களைப் பார்க்கவே மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

செடிகள் மளமளவென்று வளர்ந்தன. முன்னால் இருந்ததைவிட வேகமாக வளர்ந்தன. எனக்கே அது தெரிந்தது. இலையும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. முன்பு இலை கருகருவென்று இருக்கும், காம்பில் ஒரு குட்டி இலை ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது வெளிறிய பச்சை, காம்பு மொட்டையாக இருந்தது. “வறட்சியில வந்த எல, அப்படித்தான் இருக்கும்” என்றாள் அக்கா. ஒரு தடவை இரண்டு இலையைக் கசக்கி மோரில் போட்டுக் கொடுத்தாள். எலுமிச்சை வாசனை ஆளைத் தூக்கியது. நான் இரண்டு செம்பு குடித்தேன். மாமியாருக்கு நீட்டியபோது, “எனக்கு வேணாம் தாயி, சளி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பங்குனி வெயிலில் என்ன சளி என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பூ வந்தது. மொட்டின் வெளிப்பக்கம் ஊதா ஓடியிருந்தது. பிஞ்சு வந்தது. அது நீள வாக்கில் இருந்தது. உருண்டையாகத் திரளும் என்று அக்கா காத்திருந்தாள். திரண்டது, ஆனால் நுனியில் ஒரு மூக்கு வைத்துக்கொண்டு திரண்டது. தோலெல்லாம் முண்டு. “மொதக் காய்ப்பு. தண்ணி பத்தாம வந்தது. அடுத்த காய்ப்புல தோலு சரியாயிரும்” என்றாள். அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில்களை நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, அவள் முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் முதலில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும், சாமியாருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார் அதையெல்லாம் வெளியே கொண்டுவந்து ஏலம் விடுவார். சேவல், முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், என்ன இருந்தாலும். சாமிக்கு வைத்ததை வாங்கிப் போனால் வீட்டுக்கு நல்லது என்று போட்டி போட்டுக் கேட்பார்கள். பொங்கல் சமயத்தில் காய் பழுத்து மஞ்சளானதும், முதல் பறிப்பைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். எனக்கும் சொல்லி அனுப்பினாள். நான் முந்தின நாளே போய்ச் சேர்ந்தேன்.

காலையில் கூடையில் வெள்ளைத் துணி விரித்து அக்கா பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வாசலில் நின்று நின்று பார்த்தார்.

“மதினி, இந்த வருசம் வேணாமே. அடுத்த காய்ப்புல கொண்டுபோலாம்.”

“மொதக் காய்ப்புதான தம்பி காணிக்கை?”

“தோலு அம்புட்டு நல்லா இல்ல மதினி.”

“சாமிக்குத் தோலா முக்கியம்? அவரு வச்ச மரம் காச்சுருச்சுன்னு ஊரு பாக்கட்டும் தம்பி.”

அவர் உள்ளே தாயைப் பார்த்தார். மாமியார் தலைவலி என்று படுத்திருந்தார், பூசைக்கு வரவில்லை என்றார். கொழுந்தன் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அக்கா வெளுத்த சேலையில் அவர் பின்னால் நடந்தாள். மூன்று வருஷத்தில் அவள் தலை நிமிர்ந்து அந்தத் தெருவில் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

பூசை முடிந்து எல்லாரும் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் கூடினார்கள். ஒரு சேவல் போனது, ஒரு தார் வாழைப்பழம் போனது. உபதேசியார் எங்கள் கூடையைத் தூக்கி வைத்து, ஒரு பழத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“சாத்துக்குடி! மொதக் காய்ப்பு! யாரு கேக்குறா?”

யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். உபதேசியாரும் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் பழம், முண்டுத் தோல், காம்புப் பக்கம் கழுத்து, நுனியில் மூக்கு.

“சாத்துக்குடியா இது? கொண்டாங்க” என்று ஒருத்தர் முன்னால் வந்தார். சிறுமலை அடிவாரத்தில் பழத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தவர், கோயிலுக்கு வந்த விருந்தாளி. மடியிலிருந்து சூரிக்கத்தியை எடுத்துப் பழத்தை இரண்டாக வெட்டினார். விரல் கனத்துக்குத் தோல், நடுவில் கொஞ்சம் சுளை, எக்கச்சக்கமாக விதை. நாக்கில் வைத்ததும் அவர் கண் மூடிக்கொண்டது. கூட்டம் சிரித்தது.

“ஒட்டுக்குக் கீழ தழைஞ்சதுங்க இது” என்றார். சும்மா, தெரிந்ததைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னார். “காட்டெலுமிச்ச. அதோட வேருலதான சாத்துக்குடிய ஒட்டுக் கட்டுவாக. மேல உள்ளது செத்துப்போனா அடியில இருந்து இது கெளம்பீரும். அப்பப்பக் கிள்ளாம விட்டா இப்படித்தான். சாத்துக்குடி எப்பவோ போயிருக்கும்.”

அக்கா அசையாமல் நின்றாள். கிள்ளாம விட்டா என்று அவர் சொன்னபோது மட்டும் அவள் கை தானாக வாய்க்குப் போனது. எனக்கு அந்த ஆளை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. யார் தோட்டம், யார் வைத்த மரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

அப்போது கொழுந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஊரே கேட்கும்படி ஒரு விலையைச் சொன்னார். அன்றைக்கு ஏலம் போன எதற்கும் அப்படியொரு விலை வரவில்லை. “எங்க அண்ணன் தோட்டத்துக் காயி. நான் எடுத்துக்கிறேன்” என்றார். வெட்டிய பாதியை அந்த ஆள் கையிலிருந்து வாங்கி, அங்கேயே நின்று, சுளையை உரித்து உரித்துத் தின்றார். முகத்தைச் சுளிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பல் கூசியது. சிரிப்பு அடங்கிவிட்டது. உபதேசியார் அவசர அவசரமாக அடுத்த சேவலைத் தூக்கினார்.

அக்கா கோயிலிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம். முதல் மரத்தடியில் குந்தி, மண்ணைக் கையால் விலக்கி, தண்டைப் பார்த்தாள். ஒரு சாண் உயரத்தில் தழும்பு மாதிரி ஒரு முண்டு. அதற்கு மேலே அரிவாள் வெட்டின கட்டை, கறுத்துப்போய். கிளையெல்லாம் தழும்புக்குக் கீழேயிருந்து வந்திருந்தது. அடுத்த மரத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள்.

“தம்பி, இது எப்ப செத்துச்சு?” என்றாள்.

“எது மதினி?”

“அவரு வச்சது.”

கொழுந்தன் கூடையைக் கீழே வைத்தார். “அந்தக் கோடையிலயே மதினி. ஒட்டுக்கு மேல ஒண்ணுகூடத் தப்பல.”

“ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“அண்ணங்கூட நட்டவன் மதினி நான்.”

“அத்தைக்கு?”

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “தெரிஞ்சா தண்ணி கொண்டாந்து ஊத்துனீங்க? இம்புட்டு நாளா வேடிக்க பாத்தீங்களா?” என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார்: “ஒவ்வொரு தடவ வண்டி கட்டும்போதும் இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் மதினி கட்டுவேன். நீங்க குடத்தத் தூக்கிட்டு எதுக்க வருவீங்க. மொகத்தப் பாத்ததும் வாய் வராது.”

மாமியார் அதற்குள் எழுந்து வந்துவிட்டார். வரப்பில் நின்றபடியே அழுதார்.

“நீ அன்னைக்குத்தான தாயி ஒரு வாய் சோறு தின்ன. தளுத்திருச்சுன்னு ஓடியாந்து பானைய நீயே தொறந்த. வாயில வச்ச சோத்த எப்படித் தட்டிவிடுவேன்? நாந்தான் அவன வாயத் தொறக்காதன்னு கண்ணக் காட்டுனேன். ஒரு வாரம் போகட்டும், ஒடம்பு தேறட்டும்னு நெனச்சேன். அப்புறம் சொல்றதுக்கு நேரமே வாய்க்கல.”

அக்கா அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. வெட்டுப்பட்ட கட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். “அப்ப அந்த வெறகு?” என்றாள். கட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். “அவரு வச்சத நான் அடுப்புல வச்சுப் பொங்கித் தின்னுருக்கேன்.”

அவளைத் தூக்கி நிறுத்த நான் கையைப் பிடித்தேன். கை சில்லென்றிருந்தது. எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் இருந்த கோபம் அப்போதுதான் பயமாக மாறியது.

மதியம் யாரும் சாப்பிடவில்லை. அக்கா தன் டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்துச் சேலைகளை மடித்தாள். மாமியார் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார். நிலம் அவள் பேரில்தான் இருக்கும், எதை வைத்தாலும் வைக்கட்டும், ஒன்றும் வைக்காவிட்டாலும் இருக்கட்டும் என்றார். கொழுந்தன், புதுக் கன்று வாங்கி நடுவோம் மதினி, நானே போய் வாங்கி வாரேன் என்றார். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு அது தெரிந்ததால்தான் அங்கே நிற்கவே முடியவில்லை.

“மரத்துக்காகத்தான் இங்க இருக்கேன்னு நெனச்சேன் அத்த” என்றாள் அக்கா. “நீங்க எரக்கப்பட்டு வச்சிருந்திருக்கீங்க.”

“எரக்கமா? நீ எம் மகன் பொண்டாட்டி.”

“தெரியும் அத்த. ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இனிமே காலையில எந்திரிச்சு நான் எதுக்குத் தண்ணி ஊத்தப் போவேன்?”

மாமியார் மூடியிலிருந்து கையை எடுத்தார். அக்கா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கொழுந்தன் பெட்டியை பஸ் நிறுத்தம் வரைக்கும் தூக்கி வந்தார். பஸ் வருகிறவரை மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏறும்போது, “நல்ல எடத்துல பொண்ணப் பாத்துக் கட்டிக்கங்க தம்பி” என்றாள். அவர் சரி என்று சொன்னாரா, பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

எரியோட்டிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் அவள் அழவே இல்லை. அழுதுவிட்டால் நன்றாக இருக்குமே என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன். யாராவது அழ வேண்டுமே என்று நான்தான் அழுதேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியோடு எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மூன்று வருஷமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான். ஆனாலும் அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

“ஏம்மா, என்னாச்சு? சொல்லாமக் கொள்ளாம?” என்றார்.

அக்கா படியேறி அவர் எதிரில் போய் நின்றாள்.

“அவரு செத்துப்போயிட்டாருப்பா” என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். கல்லறையில் முதல் கைப்பிடி மண் போட்டவர் அவர். என்ன உளறுகிறாய் என்று கேட்கவில்லை. பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, அப்போதுதான் செய்தி வந்த வீட்டுக்காரர் மாதிரி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த அம்மா, யார், என்ன என்று கேட்காமல், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.